அந்த மூலைக் கருப்பு

பாத்து சார், ஒரு படி கீழ இறங்குது. ஆமா, பாத்ரூம்தான். படம் கழுவற ரூம்னு நான் சொன்னதும் நீங்க பெருசா எதையோ நெனச்சுட்டீங்கபோல. அந்த பக்கெட்டக் காலால தள்ளிட்டு ஸ்டூல்ல உக்காருங்க. தலைக்கு மேல தொங்கறது ஃபிலிம், கை வெச்சுடாதீங்க. குளிக்க வந்தா டிரே, துணி அலச வந்தா ஃபிலிம்னு என் வீட்டுக்காரி பொலம்பாத நாள் கெடையாது. உள்ள வெளிச்சம் பட்டா பேப்பர் போச்சுன்னு நான் கதவத் தெறக்க மாட்டேன். அதனால அவ இத்தன வருஷமா சண்ட போட்டதுல பாதி இந்தக் கதவோட போட்டதுதான்.

என்ன கேட்டீங்க... அந்தப் படம். கம்பெனி வாசல்ல, வர்றவங்க உக்கார்ற எடத்துல மாட்டியிருக்காங்களே, அதுதானே? எடுத்தது நான்தான். கழுவினது, பிரிண்ட் போட்டது எல்லாம் நான்தான். படத்துல இருக்கறது என் மச்சினி, வீட்டுக்காரியோட தங்கச்சி. இப்ப நீங்க வரும்போது முன்னாடி ரூம்ல கைக்கட்டோட உக்காந்திருந்தாளே, அவதான். அவள அந்த அட்டைப்பெட்டிக் கம்பெனில சேத்துவிட்டதும் நான்தான், அங்க நான் ஷிஃப்ட் சூப்பர்வைசர். எல்லாத்துக்கும் நான்தான் நான்தான்னு சொல்றேன், தற்பெருமைன்னு நெனச்சுக்காதீங்க.

ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் நீங்க எதுக்கு வந்திருக்கீங்கன்னு எனக்குத் தெரியும் சார். பசை தடவற ரோலர்ல வலது கை மாட்டிக்கிச்சு, ரெண்டு விரல் போச்சு. ரோலருக்கு மேல ஒரு ஸ்டீல் மூடி இருக்கணும். அட்ட மட்டும் உள்ள போற அளவுக்குச் சந்து விட்டிருப்பாங்க, கை போகாது. அன்னிக்கு மூடி இல்ல. யாரு கழட்டினாங்கறதுதான் இப்ப கேள்வி. அவளே கழட்டியிருந்தா தப்பு அவளோடது, கம்பெனி கையக் கழுவிடும், வேலையும் போயிடும். வேற யாராவது கழட்டியிருந்தா கத வேற. அதான் அவளே, நானேதான் கழட்டினேன்னு ஆஸ்பத்திரியில வெச்சு எழுதிக் குடுத்தாச்சே? அந்தப் பேப்பர ஃபைல்ல வெச்சுக்கிட்டு, நீங்க எதுக்கு சார் ஒரு போட்டோவப் புடிச்சுத் தொங்கறீங்க?

சரி சரி, கேளுங்க. அந்த மூலை ஏன் அவ்வளவு கருப்பா இருக்கு. அடேங்கப்பா, சார், எம் படத்தப் பாத்து இப்படி ஒரு கேள்விய ஒருத்தராவது கேக்க மாட்டாங்களான்னு நான் பதினோரு வருஷமா காத்துக்கிட்டிருந்தேன். ரெண்டு வார்த்தைல சொல்ல முடியாது. மொதல்லேர்ந்து சொல்லணும்.

எங்களுக்கு ஒரு கிளப் இருக்கு. மாசத்துல ரெண்டாவது ஞாயித்துக்கிழம கூடுவோம். பதினாலு பேரு, ஒரு பல் டாக்டர், ஒரு பஸ் டிரைவர், மூணு கணக்கு வாத்தியாருங்க. எல்லாரும் இன்னும் ஃபிலிம்ல எடுக்கற பைத்தியங்க. தலைவரு ஒரு ஸ்டுடியோக்காரரு. அங்க எனக்கு வெச்ச பேரு என்ன தெரியுமா? சாம்பல். எம் படம் எதப் பாத்தாலும் சாம்பல் பூசின மாதிரியே இருக்கும். வெள்ளைன்னு சொல்ற மாதிரி ஒரு வெள்ள இருக்காது, கருப்புன்னு சொல்ற மாதிரி ஒரு கருப்பு இருக்காது. என் கல்யாண நாளுக்கு வீட்டுக்காரிய எடுத்த படத்தக் கொண்டுபோய் ஆசையா வெச்சேன். ஸ்டுடியோக்காரரு கண்ணாடியத் தூக்கிப் பாத்துட்டு, உங்க வீட்டுல எல்லாரும் காய்ச்சல்ல கெடந்து எந்திரிச்ச மாதிரியே இருக்காங்களே, டாக்டர்ட்ட காட்டக்கூடாதான்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. பல் டாக்டர் ரொம்பவே சிரிச்சாரு. வீட்டுக்கு வந்து சோறு எறங்கல சார் எனக்கு.

தப்பு என் மேல இல்ல, மீட்டர் மேல. கேமராவுக்குள்ள வெளிச்சத்த அளக்கற மீட்டர் ஒண்ணு இருக்கு. அது சுத்த மடையன். உலகத்துல எல்லாமே நடுத்தரமான சாம்பல்னு அதுக்கு நெனப்பு. வெள்ளச் சட்டயக் காட்டினாலும் சாம்பலாக்கும், கருப்புப் பூனயக் காட்டினாலும் சாம்பலாக்கும். பளபளன்னு ஏதாவது எதுர்ல வந்துடுச்சுன்னா, ஐயையோ வெளிச்சம் ஜாஸ்தின்னு பயந்து மொத்தப் படத்தையும் இருட்டாக்கிடும். பக்கத்துல நிக்கற மனுஷன் மூஞ்சி கரிக்கட்டையாப் போயிடும். அது பேச்ச நான் பதினோரு வருஷம் மறுபேச்சுப் பேசாம கேட்டேன். என் பேச்ச வீட்டுல யாராவது அப்படிக் கேட்டிருக்காங்களா?

கண்ணத் தெறந்துவிட்டது அந்த பஸ் டிரைவர்தான். நிழலுக்கு அளங்க, வெளிச்சத்துக்குக் கழுவுங்கன்னாரு. புரியுதா சார்? படத்துல இருட்டா இருக்கற எடம் எதுவோ, அதுக்குக் கிட்டப்போய் அத அளந்து எடுக்கணும். ஃபிலிம்ல பதியாம போன எடத்த அப்புறம் எந்தச் சாமி வந்தாலும் வரவைக்க முடியாது. பளிச்சுனு இருக்கற எடத்த, ஃபிலிம் கழுவும்போது நேரத்தக் கொறைச்சு, கூட்டி, அடக்கிக்கலாம். இவ்வளவுதான் விஷயம். இவ்வளவு தெரியாமத்தான் நான் சாம்பலா இருந்திருக்கேன். அன்னிலேர்ந்து என் நெகட்டிவ்ல இருட்டுல ஒரு எறும்பு ஊர்ந்தாலும் பதிஞ்சிருக்கும். அதுதான் இப்ப... சரி, விடுங்க.

இந்த வருஷப் போட்டிக்குத் தலைப்பு, வேல செய்யற கைகள். கேட்டதுமே எனக்கு மச்சினி ஞாபகம்தான் வந்துது. அவ கை சார்... அட்டய எடுத்து, தட்டி, ஓரம் பாத்து, ரோலர்ல விடறத ஒரு தடவ பாத்தீங்கன்னா கண்ண எடுக்க மாட்டீங்க. நிமிஷத்துக்கு இருவது அட்ட, ஒண்ணு கோணாது. என் சொந்தக்காரிங்கறதுக்காகச் சொல்லல, எங்க ஷிஃப்ட்டுலயே அவள மாதிரி கிடையாது. ஜன்னல் வெளிச்சம் எடது பக்கத்துலேர்ந்து வரும். மூஞ்சில பாதி, கைல பாதின்னு விழும். கேக்கணுமா?

ரெண்டு ரோல் எடுத்தேன், ரெண்டும் குப்பை. ஏன்னா அந்த மூடி! புது ஸ்டீல், கண்ணாடி மாதிரி மினுங்குது. ஜன்னல் வெளிச்சம் மொத்தத்தையும் வாங்கி நேரா லென்ஸ் மூஞ்சிலயே அடிக்குது. பேப்பர் ஒட்டிப் பாத்தேன், காத்துல பறந்துது. சுண்ணாம்புக்கட்டியத் தேச்சுப் பாத்தேன், பசைல விழுந்து நாறிடுச்சு. ரெண்டு வாரமா எனக்கு அதே ரோதன. மச்சினி வேற, ஏன் மாமா, கல்யாணத்துக்குக் கூட என்ன இத்தன படம் எடுக்கலையேன்னு கிண்டல் பண்றா. மண்ட காஞ்சுபோச்சு. அப்புறம் ஒரு சனிக்கிழம எப்படியோ சமாளிச்சு எடுத்துட்டேன்.

எப்படின்னா... எடத்த மாத்தி நின்னேன்னு வெச்சுக்கோங்களேன். அது ஒரு பெரிய விஷயமா சார்? எத்தனையோ வழி இருக்கு.

ஃபிலிமக் கழுவிட்டு இந்த பல்புக்கு நேரா தூக்கிப் பாத்தேன். எனக்கு அழுகையே வந்துடுச்சு, பொய் சொல்லல. பதினோரு வருஷத்துல அப்படி ஒரு நெகட்டிவ் நான் எடுத்ததில்ல. மூஞ்சில ஒவ்வொரு வேர்வத் துளியும் இருக்கு. நிழல்ல அத்தனையும் இருக்கு. அத பிரிண்ட் போட்டு போட்டிக்குக் கொண்டுபோய்க் குடுத்தேன். மொதப் பரிசு! ஸ்டுடியோக்காரரு மேடையில நின்னு, அந்த வலது பக்கத்து மூலைய விரலால தொட்டுக் காமிச்சு, இந்தக் கருப்பு இருக்கே, இதுதான் இந்தப் படத்துக்கு உயிர்னாரு. இனிமே இவர யாரும் சாம்பல்னு கூப்புடக்கூடாதுன்னாரு. பல் டாக்டர் எந்திரிச்சு நின்னு கை தட்டினாரு சார். நான் தலையக் குனிஞ்சுக்கிட்டேன். அடக்கமான மனுஷன்னு எல்லாருக்கும் என் மேல மரியாத கூடிடுச்சு.

எங்க மேனேஜர் அத விடுவாரா? பெருசாப் போட்டு, சட்டம் அடிச்சு, வாசல்ல மாட்டிட்டாரு. கீழ, நம் உழைப்பே நம் பெருமைன்னு பித்தளத் தகடு வேற. உழைச்சவ அப்ப ஆஸ்பத்திரியில படுத்திருக்கா. வீட்டுக்கு வந்தப்பறம் அவளுக்கு ஒரு காப்பி காட்டினேன். ரொம்ப நேரம் பாத்தா. நல்லாருக்கு மாமா, ஆனா கையக் காணோமேன்னா. ஆமா, அந்தக் கருப்புல மணிக்கட்டோட கை முடிஞ்சுபோகும். கலைன்னா அப்படித்தாம்மான்னு சொன்னேன். என் வாயிலதான் அடிக்கணும்.

எப்ப பிரிண்ட் போட்டேனா? அதான், போட்டிக்கு முன்னாடி. தேதியா... வெள்ளிக்கிழம கடைசி நாளு. வியாழக்கிழம போட்டிருப்பேன். ஆமா, அவளுக்கு அடிபட்டது திங்கக்கிழம. ஆமா சார், அதுக்கப்புறம்தான். அதுல என்ன இருக்கு? மனசு சரியில்லன்னா சிலபேரு குடிப்பாங்க, நான் பிரிண்ட் போடுவேன்.

நெகட்டிவா? நெகட்டிவ் எதுக்கு சார், உங்களுக்கு அதப் பாத்தா ஒண்ணும் புரியாது, எல்லாம் தலகீழா இருக்கும். வேற ஸ்டுடியோவுல குடுத்து பிரிண்ட் போட்டுக்குவீங்களா? எங்க? யாருகிட்ட? சார், சார், ஒரு நிமிஷம். அந்த நெகட்டிவ எவனோ ஒருத்தன் கை ரேகையோட புடிச்சு, மிஷின்ல வெச்சு, பச்சத் தண்ணி மாதிரி ஒரு பிரிண்ட் போட்டுக் குடுப்பான். அதுக்குப் பின்னாடி என் பேர எழுதி ஃபைல்ல வெப்பீங்க. என்னால தாங்க முடியாது. பிரிண்ட்தானே வேணும்? நானே போடறேன். உக்காருங்க, பத்தே நிமிஷம். கதவச் சாத்தறேன், பயப்படாதீங்க. செவப்பு பல்பு இருக்கு.

தெரியுதா? கொஞ்ச நேரத்துல கண்ணு பழகிடும். இது என்லார்ஜர். நெகட்டிவ இங்க மேல வெச்சா கீழ பேப்பர்ல வெளிச்சமா விழும். பேப்பர்ல வெளிச்சம் எவ்வளவு நேரம் விழுதோ அவ்வளவு கருப்பாகும், இது ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கோங்க. பேப்பருலயும் ரகம் இருக்கு. கறாரான பேப்பர், சாதுவான பேப்பர். கறாரானதுல வெள்ளையும் கருப்பும்தான் நிக்கும், நடுவுல இருக்கறதெல்லாம் ஓடிடும். போட்டிக்கு நான் போட்டது அதுலதான். எங்க கிளப்புல எல்லாருக்கும் அதுதான் புடிக்கும். சாதுவானதுல இருக்கறது இருக்கற மாதிரி வரும். இப்ப அதுலதான் போடறேன். உங்களுக்கு அழகு வேண்டாமே, மூலைதானே வேணும்?

எட்டு, ஒம்போது, பத்து. அவ்வளவுதான்.

போன தடவ இந்த எடத்துல இன்னொரு வேல செஞ்சேன். அட்டைல ஒரு ஓட்ட போட்டு, அந்த மூலைக்கு மட்டும் இன்னும் அர நிமிஷம் வெளிச்சம் விட்டேன். தப்பில்ல சார், எல்லாரும் செய்யறதுதான், பர்ன் பண்றதுன்னு பேரு. பாக்கறவங்க கண்ணு எங்க போகணுமோ அங்க மட்டும்தான் போகும். வேற எங்கயும் போகாது.

இப்ப டிரேவப் பாருங்க. ஆட்டிக்கிட்டே இருக்கணும். இருவது செகண்ட்ல மொதல்ல ஜன்னல் சட்டம் வரும்... வந்துடுச்சு. இந்தா மூஞ்சி. சிரிக்கறா பாருங்க, என்னதான் சொன்னாலும் கேமராவப் பாத்தா சிரிச்சுடுவா. வேல செய்யற மாதிரி இரும்மான்னா, வேலதான் மாமா செய்யறேன்னா. இந்தா அட்ட. இது கை. அஞ்சு விரலும் இருக்கு.

ஆமா. ரோலர்தான் அது. ரெண்டு ரோலரும் தெரியுது. மேல ஒண்ணும் இல்ல. கிட்ட வந்து பாருங்க, ஆனா நெழல் விழாம. பின்னாடி செவுத்துல சாத்தி வெச்சிருக்கே தகடு, அதுதான் மூடி. அது மேல தொங்கறது என் கேமரா பை. நான்தான் சொன்னேனே, நிழலுக்கு அளந்து எடுத்திருக்கேன்னு. என் பழைய லட்சணத்துல எடுத்திருந்தா அந்த மூலைல ஒரு மண்ணும் பதிஞ்சிருக்காது, நானும் நிம்மதியாத் தூங்கியிருப்பேன். ஒழுங்கா ஒரு படம் எடுக்கக் கத்துக்கிட்டேன், அதுலயே மாட்டிக்கிட்டேன்.

இது சனிக்கிழம எடுத்தது. நீங்க கணக்குப் போட வேண்டாம், நானே சொல்றேன். அவ குடுத்த அந்தப் பேப்பர்ல திங்கக்கிழம காலைல கழட்டினேன்னு இருக்கு. சனிக்கிழமயே மூடி செவுத்துல நிக்குது.

ரெண்டு நிமிஷ வேல சார். நாலே நாலு ஸ்க்ரூ. மாமா, இது இல்லாம ஓட்டக்கூடாதேன்னுதான் சொன்னா. ஒரே ஒரு படம்மா, எடுத்துட்டு மாட்டிடறேன்னேன். சூப்பர்வைசரும் நான், மாமாவும் நான், அவ என்ன செய்வா? முப்பத்தாறு படம் எடுத்தேன். ரோல் முடிஞ்சப்ப எனக்குத் தலகால் புரியல, வந்துடுச்சு வந்துடுச்சுன்னு. உடனே கழுவிப் பாத்தாகணும். ஷிஃப்ட்டும் முடிஞ்சுது. பையத் தூக்கிட்டு ஓடியே வந்துட்டேன்.

அத ஆட்டாதீங்க சார். அந்த டப்பாவ. இல்ல, அதுல ஃபிலிம் இல்ல. தெறந்து பாருங்க. எண்ணிக்கோங்க, நாலும் இருக்கும். ஸ்க்ரூ சின்னது, எங்கயாவது உருண்டு போயிடும்னு, பத்திரமா இருக்கட்டும்னு ஒரு காலி ஃபிலிம் டப்பாவுல போட்டு மூடினேன். பைக்குள்ள ஏற்கெனவே பத்து டப்பா கெடக்கு. அதோட அதுவும் வீட்டுக்கு வந்துடுச்சு. திங்கக்கிழம காலைல போனா மூடி இருக்கு, ஸ்க்ரூ இல்ல. ஸ்டோர்ல புதுசு வாங்கணும்னா பழசக் குடுக்கணும், இல்லன்னா எப்படித் தொலஞ்சுதுன்னு சீட்டு எழுதணும். போட்டோ எடுக்கக் கழட்டினேன்னு எழுத முடியுமா? எனக்கு மானம் போயிடாதா? இன்னிக்கு ஒரு நாள் பாத்து ஓட்டும்மா, நாளைக்கு ஸ்க்ரூவோட வர்றேன்னு சொல்லிட்டு நான் டீ குடிக்கப் போயிட்டேன். பாதி கிளாஸ்தான் குடிச்சிருப்பேன். சத்தம் கேட்டுது.

பாவி சார் நான். வீட்டுக்காரிக்குத் தெரியாது. அவ தங்கச்சிக்குச் சோறு ஊட்டி விட்டுட்டு, அப்படியே வந்து எனக்கும் பரிமாறுவா, நீங்க இல்லன்னா யாரு இவளுக்கு இவ்வளவு அலஞ்சிருப்பாங்கன்னு சொல்லிக்கிட்டே.

லைட்டப் போடறேன், இருங்க, பிரிண்ட அந்த ஃபிக்ஸர் தண்ணிக்கு மாத்திடறேன். இனிமே வெளிச்சம் பட்டா ஒண்ணும் ஆகாது. காஞ்சதும் எடுத்துக்கிட்டுப் போங்க.

பேனா குடுங்க. நான் சொல்லச் சொல்ல நீங்க எழுத வேண்டாம், நானே எழுதறேன். எழுத்து ஒத்துப்போகுதான்னு உங்க ஃபைல்ல இருக்கற அந்தப் பேப்பரோட வெச்சுப் பாத்துக்கோங்க, அச்சா அதே மாதிரிதான் இருக்கும். அதையும் நான்தான் எழுதினேன். வலது கை பூரா கட்டு போட்டிருந்தாங்களே சார், அவ எப்படி எழுதுவா? கண்ண மூடிக்கிட்டு அவ பாட்டுக்கு நடந்தத ஒண்ணு விடாம சொன்னா, மாமா தெரியாமத்தான் மறந்துட்டாரு, அதையும் எழுதிடுங்கன்னு கூட சொன்னா. நான் ஒரு பக்கம் எழுதி நீட்டினேன். எடது கையால கோணலும் மாணலுமா பேரப் போட்டா. படிச்சுப் பாத்துட்டுப் போடக்கூடாதாம்மான்னு நர்ஸ் கேட்டாங்க. எங்க மாமாதானே எழுதினாருன்னுட்டா.